தனிமுயற்சியும் குழுத்துணையும்

துவிச்சக்கர வண்டியை ஒருவரே இருந்து ஓட்டுகின்றார். போட்டியின் முடிவில் வெற்றிமாலையும் ஒருவருக்கே சூட்டப்படுகின்றது. ஆதலின், அவ்வோட்டம் தனியொருவரின் தாள்வலியால் மட்டுமே வெல்லப்படுவது என எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. எத்துணை வலியாரும் பிறர் துணையின்றி வெல்லுதல் அரிது என்பதையும், அத்துணையே எல்லாமாகிவிடாது என்பதையும் பிரான்சு நாட்டின் பெரும் போட்டியாகிய ‘தூர் த பிரான்சு’ உணர்த்துகின்றது. 1903 ஆம் ஆண்டிலே தொடங்கிய அப்போட்டி ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குக் கட்டங் கட்டமாக நடைபெறுவது. அனைத்துக் கட்டங்களுக்கும் மொத்தமாக மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளராவர்.

துணை வேண்டப்படுவதற்குக் காரணம் யாது? சமதரையில் விரைந்து செல்வோருக்குப் பெருந்தடையாவது காற்றே. முன்செல்பவர் காற்றைப் பிளந்து செல்ல, அவரை ஒட்டிப் பின்செல்பவருக்கு உழைப்பு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குறைகின்றது. ஆகவே குழுவினர் முறைமாறி முன்சென்று தலைவரைக் காக்கின்றனர். நீரும் உணவும் கொணர்ந்து கொடுக்கின்றனர். எதிரணியினர் முந்தினால் துரத்திச் செல்கின்றனர். இவர்களைப் பிரெஞ்சு மொழியில் ‘தொமெஸ்தீக்’, அதாவது ஏவலர், என்பர்.

1934 ஆம் ஆண்டுப் போட்டியில் பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த அந்தோனன் மாஞ் முன்னணியில் நின்றார். அதே குழுவில், இருபது வயதினரான றெனே வியெற்றோ மலையேற்றத்திற் சிறந்து விளங்கினார். பிரனீஸ் மலையில் பியூமொறென் கணவாயினின்று இறங்குகையில் மாஞ் விழுந்தார்; அவரது சக்கரம் பழுதுற்றது. வியெற்றோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வேறு சக்கரம் வருமளவும் வீதியோரத்து மதிலின்மேல் அமர்ந்து கண்ணீர் உகுத்தார். அந்நிலையில் எடுக்கப்பட்ட நிழற்படம் அழியாப் புகழ் பெற்றது. மறுநாள் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே சென்றுகொண்டிருந்த வியெற்றோ, வந்த வழியே திரும்பி மேட்டில் ஏறிச்சென்று, தம் வண்டியையே ஈந்தார்.

ஆயினும், மாஞ்சின் வெற்றி பிறர் ஈந்த கொடை மட்டுமன்று. ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டு நேரத்தோடு போராடும் கட்டம் அவ்வாண்டிலேதான் முதன்முறையாக அப்போட்டியிற் சேர்க்கப்பட்டது. லா றோஷ்-சூர்-யோனிலிருந்து நாந்து நகர் வரையான அவ்வழியில் முன்சென்று காற்றைத் தாங்குவார் எவருமிலர். அங்கும் மாஞ்சே முதல்வரானார். பாரிசை அடைந்தபோது, இரண்டாமவரான இத்தாலியர் மார்த்தானோவிலும் 27 நிமிடங்களுக்கு மேலாக முந்தியிருந்தார். குழுத்துணை அவரை வீழாது காத்தது. காக்கப்பட்ட இடத்திலிருந்து வெற்றியை ஈட்டியது அவரது முயற்சி.

வியெற்றோ அவ்வாண்டில் மலையேற்றப் பரிசைப் பெற்றார், மொத்தத்தில் ஐந்தாமவரானார். 1939 இல் இரண்டாமிடம் எய்தினார். 1947 இல் பலநாள் முன்னணியில் நின்றும் இறுதியில் ஐந்தாமிடத்துக்குத் தாழ்ந்தார். அப்போட்டியை அவர் ஒருபோதும் வென்றாரல்லர்.

மாணாக்கரே, பிறர்க்குத் துணைநிற்றல் எளிதென்றோ இழப்பற்றதென்றோ எண்ணற்க. வியெற்றோவின் கண்ணீரே அதற்குச் சான்று. ஆயினும், முதனாள் அழுதவரே மறுநாளும் துணைசெய்யத் திரும்பினார் என்பதை மறவற்க. வென்றவர் பெயரைச் சொல்லும்போது, சக்கரம் ஈந்தவர் பெயரையும் உடன்சொல்லுதல் நம் கடன்.