சிட்லபாக்கத்தில் மைனஸ் 40 டிகிரி!

காரின் முகப்புப் பலகையில் என்ஜின் வடிவில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு உண்டு. எங்கள் அப்பா ஓட்டும் வாடகைக் காரில் சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு அது எரியத் தொடங்கிற்று. ஏரிப் பக்கத்துத் தெருக்களில் முழங்காலளவு தண்ணீரில் ஓடிய வண்டி அது. காலையில் கிளம்ப அடம்பிடித்தது. கிளம்பியதும் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழன்றது. பெட்ரோலையும் கூடுதலாகக் குடித்தது.

பழுதுபார்த்த இடத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள். 'பி0118' என்ற குறி வந்தது. குளிர்நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாற்றி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே விளக்கு மீண்டும் எரிந்தது. "அப்படியானால் கம்ப்யூட்டரைத்தான் மாற்ற வேண்டும்" என்றார்கள். அது மாதத் தவணை கட்டும் வாரம். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையின் ஹெரால்டு கார்களில் (1961–1971) இத்தகைய கம்ப்யூட்டர் கிடையாது. கார்புரேட்டரையும் பிளக்கையும் கண்ணால் பார்த்தே குறை சொல்வார்களாம். இன்றைய காரில் சென்சார்கள் தரும் செய்தியைக் கொண்டு, எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கிறது. தவறு கண்டால் குறியாகப் பதிந்து வைக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஒரே வகைக் குறிமுறை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் அது 2010-க்குப் பின் படிப்படியாக வந்தது.

எங்கள் தெருக்கோடி மெக்கானிக் மாமா ஸ்கேனரில் குறியை மட்டும் பார்க்கவில்லை. என்ஜின் வெப்பம் எவ்வளவு காட்டுகிறது என்றும் பார்த்தார். மைனஸ் 40 டிகிரி! நம் சிட்லபாக்கத்திலா? நாங்கள் சிரித்துவிட்டோம்.

காரணம் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் 5 வோல்ட்டை ஒரு மின்தடை வழியாகச் சென்சாருக்கு அனுப்புகிறது. சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறைகிறது, மின்னழுத்தமும் இறங்குகிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டமே இராது. 5 வோல்ட் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரோ அதைக் கடுங்குளிர் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சில வண்டிகளில் பாதுகாப்புக்காக விசிறியையும் ஓடவிடுகிறது. ஆகவே பி0118 சொல்வது "இந்த மின்சுற்றில் கோளாறு" என்பதையே. "சென்சார் கெட்டது" என்பதை அன்று.

மாமா சென்சாரின் இணைப்பைக் கழற்றி, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, மல்டிமீட்டரை வைத்தார். இரு முனைகளுக்கு நடுவே 5 வோல்ட் இருக்க வேண்டும், பூஜ்யம் காட்டியது. ஒரு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே வைத்தபோது 5 வோல்ட் வந்தது. எனவே கம்ப்யூட்டர் அனுப்பும் மின்சாரம் சரியாக வருகிறது, அது திரும்பிச் செல்லும் கம்பிதான் அறுந்திருக்கிறது. இணைப்பின் பின்னால் உறையை உரித்தால், மழைநீர் புகுந்த செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அழுகிய துண்டை வெட்டிப் புதுக்கம்பி பற்றவைத்து உறையிட்டார். கம்பிக்கு 40 ரூபாய்தான் ஆயிற்று.

கழற்றி எறிந்த பழைய சென்சாரை நாங்கள் கேட்டு வாங்கி வந்திருந்தோம். மல்டிமீட்டரை இரவல் வாங்கிச் சோதித்தோம். அறை வெப்பத்தில் ஏறக்குறைய 2,000 ஓம். கொதிநீர் டம்ளரில் அமிழ்த்தியதும் மளமளவென்று 250-க்கு இறங்கியது. அது கெடவே இல்லை! அம்மாவுக்கு அந்த 1,800 ரூபாயை நினைத்து இன்னமும் ஆற்றாமைதான்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா விமான நிலையச் சவாரிக்குக் கிளம்பினார். முதல் முறையிலேயே வண்டி உயிர்பெற்றது. மஞ்சள் விளக்கு எரியவில்லை.