காற்றின் போக்கும் காற்றின் தூய்மையும்

மன்னார் வளைகுடாவின் கரையிலே அமைந்த தொன்மைமிக்க துறைமுக நகரம் தூத்துக்குடி. முத்தும் சங்கும் உப்பும் இந்நகருக்குப் புகழ் தேடித் தந்தன. கடலையே வயலாகக் கொண்ட இக்கரை மக்களுக்குக் காற்றின் இயல்பை அறிதல் உயிர்க்கல்வியாயிற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கச்சான் என்று அவர்கள் காற்றினைத் திசையால் பகுத்து அறிந்தனர்.

முத்துக்குளிப்பும் காற்றை நோக்கியே நடைபெற்றது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும், நீர் தெளிந்திருக்கும். அக்காலமே குளியாளிகளுக்கு ஏற்றதாயிருந்தது. 1955 முதல் 1961 வரை இக்கரையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது; அதன்பின் அத்தொழில் அருகிவிட்டது. ஆயினும், காற்றை அறியவேண்டிய தேவை அருகவில்லை. வேறொரு வடிவில் பெருகியுள்ளது. அன்று குளியாளிக்கு நன்மை பயந்த காற்றின் ஓய்வு, இன்று நகரில் மூச்சு விடுவோர்க்குத் தீங்கு பயப்பதாயும் அமைகின்றது. இஃது எங்ஙனம் என்பதை ஆராய்வோம்.

தூத்துக்குடி 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. 1979 முதல் அனல் மின்சாரம் இங்கு உற்பத்தியாகின்றது. கப்பல்களில் நிலக்கரி வந்து இறங்குகின்றது. சரக்குந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. இவற்றால் கரித்தூளும் புகையும் புழுதியும் காற்றிற் கலக்கின்றன. அவற்றுள் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் நுரையீரலின் உள்ளறை வரை சென்று தங்கும் கொடுமை வாய்ந்தவை. நடுவண் அரசு 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலே, உரிய தரத்தை எட்டாத நகரங்களுள் ஒன்றாகத் தூத்துக்குடியும் சேர்க்கப்பெற்றது.

புகைபோக்கிகள் வெளியிடும் புகை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவினதாக இருப்பினும், காற்றின் மாசு ஒரே அளவாக இருப்பதில்லை. அதனைக் கூட்டுவதும் குறைப்பதும் வானிலையே. காற்று விரைந்து வீசின் புகை சிதறி நீர்த்துப்போம். மழை பெய்யின் துகள்கள் கழுவப்பட்டு மண்ணை அடையும். காற்று நின்றுவிடின் மாசு பிறந்த இடத்திலேயே தேங்கும். அன்றியும், பொதுவாக மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிர்ந்திருக்கும். தெளிந்த, காற்றற்ற இரவிலோ நிலம் விரைந்து குளிர, அதனைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, அதன்மேல் வெப்பக்காற்று ஒரு மூடிபோலக் கவிந்துகொள்ளும். மூடியிட்ட பானைக்குள் அடைபட்ட ஆவிபோலப் புகை மேலெழ இயலாது தாழ்ந்து நிற்கும். கதிரவன் எழுந்து நிலம் சூடேறிய பின்னரே அம்மூடி கலையும்.

இக்கரைக்கெனச் சில தனி இயல்புகளும் உண்டு. பகலில் நிலம் கடலினும் விரைந்து சூடேறுவதால், கடற்காற்றுக் கிழக்கிலிருந்து நிலம் நோக்கி வீசும். துறைமுகத்தின் புகையையும் அது உடன் கொணரும். இரவில் நிலக்காற்று அதனைக் கடலுக்குக் கொண்டுபோகும். கடலுக்குச் சென்ற மாசு சிலவேளை மறுநாட் கடற்காற்றோடு திரும்பி வருதலும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மலைக் கணவாய்களின் வழியே வேகமாக வரும் கச்சான் புகையைக் கடலுக்குத் தள்ளும். ஆயினும், மழைமறைவுப் பகுதியாகிய இவ்வறண்ட நிலத்தின் புழுதியை அதுவே எழுப்பிவிடும். வடகிழக்குப் பருவமழை வந்தபின்னரே வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிவுறும்.

ஆதலின், நாளைய காற்றின் தூய்மையை முன்னறிந்து கூற விழைவோர் புகையை மட்டும் அளந்தாற் போதாது. நாளைய வானிலையையும் கணித்தல் வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், 2010இல் தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளின்போது இத்தகைய முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. காற்றின் திசையும் வேகமும், வெப்பமும், மழையும், புகையின் அளவும் கணிப்பொறியில் ஒருங்கே கணக்கிடப்படுகின்றன. 2015 முதல் நம் நாட்டில் காற்றின் தரம் குறியீட்டெண்ணால் அறிவிக்கப்படுகின்றது. அவ்வெண் 50க்குள் இருப்பின் நன்று. 400ஐக் கடப்பின் மிகக் கொடிது. எனினும், கடற்காற்று எழும் நேரம் சற்றே மாறினும் கரையோர ஊர்களில் கணிப்புப் பிழைபடக்கூடும்.

காற்று நின்றால் விளையும் கேட்டிற்கு இலண்டன் மாநகர் சான்று பகரும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை அந்நகரில் காற்று ஓய்ந்து, வெப்ப மூடி கவிந்து, நிலக்கரிப் புகை தெருக்களில் தேங்கியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என அக்காலத்துக் கணக்குக் கூறிற்று. பிற்கால ஆய்வுகள் 12,000 பேர் வரை எனக் கூறுகின்றன. அந்நகரின் அடுப்புகள் அன்று புதிதாக எரிந்தவை அல்ல. புகையை எடுத்துச் செல்லும் காற்றே இல்லாது போயிற்று. அத்துயரின் பயனாக 1956இல் தூய காற்றுச் சட்டம் அங்கு இயற்றப்பட்டது.

முன்னறிவிப்பு நோயைச் சுட்டுமேயன்றி, தானே மருந்தாகாது. காற்று ஓயும் நாளை முன்னரே அறிந்தால், முதியோரும் குழந்தைகளும் மூச்சுநோயுற்றோரும் தம்மைக் காத்துக்கொள்ளலாம், நிலக்கரிக் குவியலுக்கு நீர் தெளித்துத் தூளை அடக்கலாம், புகையைக் குறைக்கலாம். காற்றை ஏவ மாந்தரால் இயலாது. அதிற் கலக்கும் நஞ்சைக் குறைக்க இயலும். கடலின் குறிப்பறிந்து தோணி செலுத்தியோர் வாழ்ந்த கரையிலே, வானின் குறிப்பறிந்து புகையை அடக்குதல் இன்றைய தலைமுறையின் கடனாகும்.