காளான் செடியா?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் வேலியோரத்தில் காளான்கள் முளைத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காளான் மண்ணில் முளைக்கிறது. நின்ற இடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே அதுவும் ஒரு செடிதான் என்று நினைக்கத் தோன்றும். நெடுங்காலம் விஞ்ஞானிகளும் அப்படித்தான் கருதி வந்தார்கள். அது சரிதானா என்று ஆராய்வோம்.

முதலில் ஒரு கேள்வி. உயிருள்ளது என்று எதைச் சொல்கிறோம்? வளர்வதை என்பீர்கள். உப்புக் கரைசலில் தொங்கவிட்ட உப்புப் படிகமும்தான் வளர்கிறது! பெருகுவதை என்பீர்கள். கோவேறு கழுதை பெரும்பாலும் குட்டி போடுவதில்லை. ஆனால் அதற்கு உயிர் இல்லை என்று யார் சொல்வார்? ஆக, ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு உயிரை வரையறுக்க முடியாது. செல்களால் ஆகியிருத்தல், உணவிலிருந்து ஆற்றல் பெறுதல், கழிவை நீக்குதல், வளர்தல், தூண்டலை உணர்தல், தன் இனத்தைப் பெருக்குதல் ஆகிய பல பண்புகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த அளவுகோலின்படி காளான் உயிருள்ளதே. அப்படியானால் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது?

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1735இல் உயிர்களைத் தாவர உலகம், விலங்கு உலகம் என இரண்டாகப் பிரித்தார். நகராத காளான் தாவரங்களோடு சேர்ந்தது. ஆனால் தாவரத்துக்குரிய முக்கியமான வேலை ஒன்றைக் காளான் செய்வதே இல்லை. அதனிடம் பச்சையம் கிடையாது. ஆகவே சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்க அதனால் முடியாது. பின் எப்படி உண்கிறது?

நாம் காணும் குடை, காளானின் ஒரு பகுதிதான். மண்ணுக்குள்ளும் மக்கிய மரத்துக்குள்ளும் நூல் போன்ற இழைகள் பரவிக் கிடக்கின்றன. அவை செரிமான நொதிகளை வெளியே சுரக்கின்றன. உணவு வெளியிலேயே செரித்துக் கரைகிறது. அக்கரைசலை இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம். காளான் செரித்தபின் உண்கிறது!

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். தாவரச் செல்லின் சுவர் செல்லுலோஸால் ஆனது. காளான் செல்லின் சுவரிலோ கைட்டின் என்னும் பொருள் இருக்கிறது. இறால், கரப்பான் ஆகியவற்றின் ஓட்டில் இருப்பதும் இதே பொருள்தான். தாவரம் மிச்ச உணவை ஸ்டார்ச்சாகச் சேமிக்கும். காளான் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. நம் கல்லீரலும் அவ்வாறே செய்கிறது.

இத்தகைய வேறுபாடுகளைக் கருதி, அமெரிக்க விஞ்ஞானி விட்டேகர் 1969இல் உயிர்களை ஐந்து உலகங்களாக வகுத்தார். மொனீரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள் என்பன அவை. காளான், ரொட்டிப் பூஞ்சை, ஈஸ்ட் ஆகியவை பூஞ்சை உலகத்தில் இடம் பெற்றன. பிற்காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்தது. 1993இல் வெளியான ஆய்வுகள் ஒரு வியப்பான உண்மையைக் காட்டின. பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு! வேலியோரக் காளானுக்கு, பக்கத்தில் நிற்கும் வேப்பமரத்தைவிட நீங்களே நெருங்கிய சொந்தம்.

'எந்தக் கூட்டத்தில் வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. பென்சிலின் மருந்து பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. நம் செல்களுக்குச் சுவரே இல்லையாதலால் அவற்றை அது தாக்குவதில்லை. ஆனால் படர்தாமரை ஒரு பூஞ்சையால் வருவது. பூஞ்சைச் செல் பல வகையில் நம் செல்லைப் போன்றது. அதைக் கொல்லும் பொருள் பல சமயம் நமக்கும் கேடு செய்யும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டிரால் உண்டு. நம்முடையதில் இருப்பது கொலஸ்டிரால். பூஞ்சைக்கொல்லி மருந்துகள் பல இந்த எர்கோஸ்டிராலையே குறி வைக்கின்றன.

மற்றோர் உதாரணம் பாருங்கள். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகளைக் கருக்கிக் கிழங்குகளை அழுகச் செய்த ஒரு நோய் பரவியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் மக்கள் மாண்டனர். அந்த நோயுயிரி இழை இழையாக வளர்வதால் அதைப் பூஞ்சை என்றே நெடுநாள் எண்ணினர். உண்மையில் அது பழுப்புப் பாசிகளுக்கு உறவான வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. அது எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதில்லை. ஆகவே எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் பூஞ்சைக்கொல்லியை அதன்மேல் தெளித்துப் பயனில்லை. உறவைச் சரியாக அறிந்தால்தான் மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க முடியும்.

எனவே உயிர்களை வகைப்படுத்தும்போது தோற்றத்தை மட்டும் நம்பக்கூடாது. செல் எப்படி அமைந்துள்ளது, உணவை எப்படிப் பெறுகிறது, யாருக்கு உறவு என்ற மூன்றையும் கேட்க வேண்டும். புதிய சான்று கிடைக்கும்போது பழைய பிரிவை மாற்றவும் தயாராக இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: ஒரு ரொட்டித் துண்டில் சில துளி நீர் தெளித்துக் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வையுங்கள். சில நாட்களில் பூஞ்சை படரும். மூடியைத் திறக்காமல் உருப்பெருக்கியால் பாருங்கள். அதன் இழைகள், நிறம், ரொட்டியில் ஏற்படும் மாற்றம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வாருங்கள். இருட்டான அலமாரியில் வைத்தாலும் அது வளர்கிறதா? வளர்ந்தால், அதற்குக் காரணம் என்ன?