வீடு வாங்குவோர் கேட்கும் சட்டக் கேள்விகள்

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து அன்பர்கள் மண்டபத்தில் கூடியிருந்து பேசும் விடயங்களில் வீடு வாங்குவதும் ஒன்று. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டு, அதுதான் சட்டம் என்று நம்பிவிடுவதும் நடக்கிறது. ஆகவே அடிக்கடி எழும் சில கேள்விகளுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். இவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் சட்டமே வேறு. வேல்ஸில் வரி வேறு.

கேள்வி: விலை பேசி முடிந்தது. ஏஜென்டும் கடிதம் அனுப்பிவிட்டார். இனி வீடு எங்களுடையதுதானே?

இல்லை. 1989 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடு, காணி விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பாரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தங்களை இரு சொலிசிட்டர்களும் மாற்றிக்கொள்வதையே எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அதுவரை விற்பவர் கூடுதல் விலை தருபவரிடம் போகலாம், நீங்களும் விலகலாம். சேர்வேக்கும் கௌன்சில் சேர்ச்சுக்கும் கட்டிய காசு மட்டும் திரும்பி வராது. எக்ஸ்சேஞ்சுக்குப் பின் நிலைமை வேறு. வழக்கமாக விலையில் 10 வீதம் டிப்பொசிட்டாகக் கட்டப்படும். அதன்பின் மனம் மாறினால் அந்தப் பணம் போய்விடும்.

திறப்பு கைக்கு வரும் நாளும் எக்ஸ்சேஞ்சின்போதே குறிக்கப்படுகிறது. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அதற்கு முன்பே சொலிசிட்டரிடம் சொல்லிவிட வேண்டும். வங்கிப் பணம் மாறவேண்டியிருப்பதால் சனி, ஞாயிறில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. திறப்பை ஒருநாள் வாங்கிப் பாலை இன்னொருநாள் காய்ச்சுவதற்குத் தடையேதும் இல்லை!

கேள்வி: உறுதி எப்போது கையில் கிடைக்கும்?

ஊரில் நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளுடன் உறுதி முடித்து, அதை அலுமாரியில் பத்திரமாக வைத்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வீட்டுக்கு உரியவர் யார் என்பதற்கு ஆதாரம் லாண்ட் ரெஜிஸ்திரியின் பதிவுதான். 1990 டிசம்பர் முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் வீட்டு விற்பனைகளைப் பதிவது கட்டாயமாயிற்று. பதிவின் பிரதியைச் சிறு கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம்.

கேள்வி: வீடு தம்பியின் பெயரில், முற்பணத்தில் பாதி நான் கொடுக்கிறேன். சகோதரர்களுக்குள் எழுத்து எதற்கு?

பலரும் கேட்பது இது. இதில் இரண்டு விடயங்கள் உண்டு.

முதலாவது, காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொலிசிட்டர் கட்டாயம் விசாரிப்பார். கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் அப்படி. சீட்டு எடுத்த காசு, நகை விற்ற காசு, அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய காசு எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்டவேண்டும். உறவினர் தரும் பணத்துக்கு, "இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன்" என்று வங்கி கடிதம் கேட்கும். உண்மையில் அது கடனாக இருந்தால் அப்படி எழுதிக் கொடுக்கக்கூடாது. வங்கியிடம் பொய் சொல்வது குற்றம். சொலிசிட்டர் பெரும்பாலும் வங்கிக்காகவும் வேலை செய்பவர் என்பதையும் மறக்கவேண்டாம்.

இரண்டாவது, அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டவர் பத்து வருடங்களின் பின் தன் பங்கைக் கேட்டால், அதே கடிதம் அவர் முன்னால் வைக்கப்படும். பங்கு வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே வங்கிக்கும் சொலிசிட்டருக்கும் அதைச் சொல்லி, பெயரைப் பதிவில் சேர்க்க வேண்டும். பதிவில் நான்கு பேர் வரை இடம்பெறலாம். யாருக்கு எத்தனை வீதம் என்று டிரஸ்ட் பத்திரம் ஒன்றும் எழுதிவைக்கலாம். அதற்கு ஆகும் செலவு, பின்னர் வழக்கு நடத்தும் செலவோடு பார்க்கையில் மிகச் சிறியது. 1985 இல் இருவர் பெயரில் வாங்கப்பட்ட ஒரு எசெக்ஸ் வீட்டின் பங்கு வழக்கு 2011 இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஒருவருக்கு 90 வீதமும் மற்றவருக்கு 10 வீதமும் என்று முடிந்தது. பத்திரம் எழுதாமல் விட்டதன் பலன்.

இருவர் பெயரில் வாங்கும்போது, ஒருவர் இறந்தால் முழு வீடும் மற்றவருக்கே போகும் முறை ஒன்று; அவரவர் பங்கு அவரவர் உயில்படி போகும் முறை மற்றொன்று. கணவன் மனைவிக்கு முதலாவது பொருந்தலாம். அண்ணன் தம்பியர் இரண்டாவதைப் பற்றிக் கட்டாயம் கேட்டறிய வேண்டும். முதலாவது முறையில் வாங்கினால், இறந்தவரின் மனைவி பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் எதுவும் சேராது.

கேள்வி: இங்கே இதுதான் எங்கள் முதல் வீடு. யாழ்ப்பாணத்தில் மனைவிக்குச் சீதன வீடு உண்டு. அதைச் சொல்லவேண்டுமா?

கட்டாயம் சொல்லவேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி எனும் முத்திரை வரியில் முதல் வீட்டுச் சலுகை, உலகில் எங்கேயும் ஒருபோதும் வீடு வைத்திராதவருக்கே உரியது. சீதனமாக வந்ததும், பெற்றோர் இறந்தபின் வந்ததும் இதில் அடங்கும். இருவர் பெயரில் வாங்கினால் இருவருமே அப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்.

450,000 பவுண் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல் வீட்டுச் சலுகை உள்ளவர் 7,500 பவுண் கட்டுவார். சலுகை இல்லாதவர் 12,500 கட்டுவார். ஊரில் உள்ள வீட்டின் பெறுமதி 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால், இரண்டாவது வீட்டுக்கான 5 வீதம் முழு விலைக்கும் சேர்ந்து 35,000 ஆகிவிடும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த 5 வீத வரிக்கு ஒன்றாகவே கணிப்பார்கள். ஆகவே கணவன் பெயரில் மட்டும் வாங்கித் தப்பிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வது சரியல்ல. குடியிருந்த வீட்டை விற்று, அதற்குப் பதிலாக வேறொன்றை வாங்குபவருக்கு இந்தக் கூடுதல் வரி இல்லை.

பெற்றோர் ஆயுள் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதித் தந்த உறுதிகளும் எம்மவரிடம் உண்டு. அப்படியிருந்தால் உறுதியின் பிரதியை ஊரிலிருந்து எடுப்பித்து, எக்ஸ்சேஞ்சுக்கு முன்பே சொலிசிட்டரிடம் காட்டுங்கள். திறப்பு வாங்கி 14 நாட்களுக்குள் வரி விபரம் போய்ச் சேரவேண்டும். அதை அனுப்புபவர் சொலிசிட்டராக இருந்தாலும், அதில் உள்ளவை சரியென்று உறுதிப்படுத்துபவர் வாங்குபவரே. பிழையென்று பின்னர் தெரிந்தால் மிகுதி வரியும் வட்டியும் அபராதமும் அவரிடமே கேட்கப்படும்.