சோறு நம்முடையது, கறியும் நம்முடையதாகட்டும்

காரைக்கால் அம்மையாரின் கதை நம் பகுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் ஆண்டுதோறும் அதைக் கண்ணாலும் காண்கிறோம். பசித்து வந்த அடியவருக்கு இலை போட்டபோது அந்த வீட்டில் சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. அதனால்தான் கணவர் கொடுத்தனுப்பிய மாங்கனி இரண்டில் ஒன்றை அம்மையார் எடுத்து இலையில் வைத்தார்.

இன்றைய காரைக்காலின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு பாயும் திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவிப் பகுதிகளில் நெல்லே தலையாய பயிர். சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் மேல் ஊற்றும் பருப்பும், பக்கத்தில் வைக்கும் காயும் பெரும்பாலும் வெளியூர்களிலிருந்து லாரியில் வந்து இறங்குகின்றன. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு, அழுகல் எல்லாம் விலையில் ஏறுகின்றன. வசதியுள்ளவர் அந்த விலையைக் கொடுத்து வாங்கிவிடுகிறார். நம் வயலில் நாற்று நடும் குடும்பம் குழம்பில் போடும் பருப்பைக் குறைத்துக்கொள்கிறது.

கூலி வீட்டின் அடுப்பு

முன்பு அறுவடைக் கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. சில மாதச் சாப்பாட்டுக்கு அதுவே ஆதாரம். அறுவடை இயந்திரம் வந்தபின் அந்த நெல் நின்றுபோயிற்று. 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரி மாநிலத்திலும் ரேஷன் தானியத்துக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை தொடங்கியது. 2024இல்தான் நம் ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு அரிசி வழங்கப்பட்டது. அரிசி கிடைத்தாலும் பருப்பு, கீரை, காய் ஆகியவற்றைக் கூலிக் குடும்பம் ரொக்கம் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு தேவை என்பதையும் பார்ப்போம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் காயுமாக 400 கிராம் வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் ஆகிறது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இந்த அளவு வாங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் குறையை நிரப்பும் சரக்கைச் சிறு விவசாயியே விளைவிக்க முடியும். அதனால் அவருக்கு நட்டமும் இல்லை. எப்படி என்பதைக் கீழே காண்போம்.

1. தை மாதத்து உளுந்து

சம்பா, தாளடி அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரமே உளுந்துக்குப் போதும். தை முதல் தேதியிலிருந்து மாசி முதல் தேதிக்குள் விதைப்பது நல்லது. நெல் அறுவடைக்கு 5 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, ஏக்கருக்கு 10 கிலோ விதையைச் சீராகத் தூவ வேண்டும். இயந்திரத்தால் அறுப்பதானால் இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் முளைத்த பயிர் சக்கரத்தில் நசுங்கிவிடும். நெல் தரிசுக்கேற்ற ஆடுதுறை இரகங்களையே தேர்ந்தெடுங்கள். விதையுடன் ரைசோபியம் கலந்து விதைப்பது அவசியம்.

பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாளே சிறிதளவு நீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். இதில் கிடைக்கும் உளுந்து முழுவதையும் களத்திலேயே வியாபாரியிடம் போட்டுவிட வேண்டாம். வீட்டுத் தேவைக்கு ஒரு பங்கும், ஊருக்குள் விற்க ஒரு பங்கும் ஒதுக்குங்கள். நன்றாகக் காய வைத்து, உடைத்துப் பருப்பாக வைத்திருந்தால் வண்டுத் தொல்லையும் குறையும். காய் பறிக்கும் பெண்கள் விரும்பினால் கூலியின் ஒரு பகுதியை உளுந்தாகவே அளக்கலாம். களத்தில் நின்றுபோன அந்தப் பழைய வழக்கத்தை இந்த அளவிலாவது மீட்கலாம்.

2. கொல்லையில் மூன்று பாத்தி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாழ்ந்த வயலில் காய்கறி நிற்காது. மழைநீர் வடியும் மேட்டுப் பாத்தியே நமக்கு ஏற்றது. கொல்லையில் மூன்று சென்ட் இருந்தால் போதும். கோ.3 கீரையைச் சென்டுக்கு 10 கிராம் வீதம் மணலுடன் கலந்து விதையுங்கள். 20ஆம் நாள் முதல் கிள்ளலாம். அதன்பின் வாரம் ஒரு முறையாக ஏறக்குறைய 10 தடவை கிள்ளலாம். மூன்று பாத்திகளையும் ஒரே நாளில் விதைக்காமல் மாதத்துக்கு ஒன்றாக விதைத்தால் கீரை இடைவிடாமல் வரும்.

வாரந்தோறும் கிள்ளும் கீரைக்குப் பூச்சி மருந்து அடிக்கலாகாது. மருந்தின் நஞ்சு அடங்கும் முன்பே கீரை சட்டிக்குப் போய்விடும். பூச்சி கண்டால் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தால் போதும். வரப்பில் துவரையும் வெண்டையும், வேலியோரம் முருங்கையும் அகத்தியும் வைக்கலாம். கடலோரக் கிராமங்களில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கக்கூடும். காய்கறி போடும் முன் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

3. விலை வைப்பது எப்படி?

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், ஆந்திராவில் 1999 தொடக்கத்தில் 'ரைத்து பஜார்' என்ற பெயரிலும் இத்தகைய சந்தைகள் ஏற்பட்டிருந்தன. உழவர் சந்தையில் விலை வைக்கும் விதி எளிமையானது. மொத்த விலையைவிட 20 சதம் அதிகமாகவும், சில்லறை விலையைவிட 15 சதம் குறைவாகவும் இருக்க வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஆதாயம். சந்தை இல்லாத ஊரிலும் இந்த விதியை நாமே கடைப்பிடிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெண்டைக்காய் மொத்த விலை கிலோ 20 ரூபாய், சில்லறை விலை 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி நம் விலை 24க்கும் 34க்கும் இடையில் இருக்க வேண்டும். 30 ரூபாய் என்று வைத்தால், வாங்குபவருக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் மிச்சம். நமக்கு 10 ரூபாய் கூடுதல்.

ஆனால் இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காரைக்கால் வாரச்சந்தைக்குப் போய்வர 40 ரூபாயும், அரைநாள் உழைப்புக்கு 250 ரூபாயும் ஆவதாகக் கொண்டால் மொத்தச் செலவு 290 ரூபாய். கிலோவுக்கு 10 ரூபாய் கூடுதல் என்றால் 29 கிலோ விற்றால்தான் செலவு கட்டும். எட்டு கிலோ காயைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போகும் சிறு விவசாயிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 80 ரூபாய்தான். 210 ரூபாய் கைநட்டம். 'நேரடி விற்பனை நமக்கு ஒத்துவராது' என்று அவர் சொல்வது இதனால்தான்.

ஐந்து குடும்பங்கள் தலைக்கு 8 கிலோ வீதம் 40 கிலோ சேர்த்து ஒருவரை அனுப்பினால் கூடுதல் வரவு 400 ரூபாய். செலவு 290 போக 110 ரூபாய் மிச்சம்; போனவருக்கு அரைநாள் கூலியும் கிடைத்துவிடுகிறது. வாரம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வைத்தால் மனத்தாங்கல் வராது.

4. ஏழை வீட்டுக்கும் எட்டும்படி

இதைவிடச் செலவு குறைந்த சந்தை நம் ஊர்த் தெருமுனைதான். பஸ் கட்டணமே கிடையாது. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நேரம். கூலிக்குப் போகிறவர்களுக்குக் காலையில் கையில் காசு இராது. மாலை ஐந்து மணிக்கு மேல் விற்றால்தான் அவர்களால் வாங்க முடியும். கீரையை மாலையில் கிள்ளினால் வாடாமலும் இருக்கும்.

இரண்டாவது, அளவு. ஒரு கிலோவாகத்தான் தருவோம் என்றால் அன்றாடங்காய்ச்சி திரும்பிப் போய்விடுவார். பருப்பை நூறு கிராம், கால் கிலோ எனப் பொட்டலம் கட்டுங்கள். கீரையைச் சிறு கட்டாகவும் கட்டுங்கள். ஆனால் கிலோ விலைக்கும் பொட்டல விலைக்கும் வித்தியாசம் வைக்காதீர்கள். கொஞ்சமாக வாங்குகிறவரிடம் அதிக விலை வாங்குவதுதான் சில்லறைக் கடையின் வழக்கம். அதை நாமும் செய்தால் நாம் சந்தை போட்டதில் பொருளில்லை.

மூன்றாவது, மிச்சம். இருட்டும் நேரத்தில் மீந்த காயை வீட்டுக்குத் தூக்கிப் போவதைவிட மொத்த விலைக்கே கொடுத்துவிடலாம். வியாபாரியிடம் போட்டிருந்தாலும் அதே விலைதானே! நமக்கு நட்டமில்லை, வாங்குபவருக்குச் சில்லறை விலையில் பாதியே ஆகிறது.

நெல்லை விட்டுவிட்டுக் காய்கறிக்கு மாறுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நெல்லுக்குப் பின் உளுந்து, கொல்லையில் கீரை, வரப்பில் காய், தெருமுனையில் மாலை விற்பனை: இவ்வளவுதான். வரும் தை மாதத்தில் ஒரு மா நிலத்து உளுந்திலும் மூன்று பாத்திக் கீரையிலும் தொடங்கலாம். ஐந்து குடும்பங்கள் இப்போதே கூடிப் பேசுங்கள். நம் வயலில் நாற்று நட்டவர் வீட்டு இலையில் சோற்றுடன் கறியும் விழட்டும்.