27 ஆண்டுக் காத்திருப்பு

கேள்வி: கலைந்துபோன ராக் இசைக்குழுவை ரசிகர்கள் பல்லாண்டுகளுக்குப் பின் நேரில் கண்டதுண்டா?

பதில்: உண்டு. டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் 1980-இல் இறந்ததும் கலைந்த லெட் செப்பலின் என்னும் ஆங்கிலேய ராக் குழு, இடையில் தோன்றிய சில குறுமேடைகள் நீங்கலாக, முழுநீள நிகழ்ச்சி எதையும் அளிக்காதிருந்து, அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அஹ்மத் எர்டிகனின் நினைவாக 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் மேடையேறியது. நுழைவுச்சீட்டுக்கு ஏறத்தாழ 2 கோடி விண்ணப்பங்கள் குவிந்ததாகக் கூறப்பட்டமையால், பணமோ முந்துதலோ அன்றிக் குலுக்கலே பார்வையாளரைத் தீர்மானித்தது. இம்முறை நியாயமானதே எனலாம். தந்தை ஜான் பான்ஹமின் இடத்தில் மகன் ஜேசன் டிரம்ஸ் வாசித்த அந்நிகழ்ச்சி, வாய்ப்பிழந்தோரும் காணும்படி 2012-இல் ‘செலிப்ரேஷன் டே’ என்னும் படமாகத் திரைக்கு வந்தது.