போட்ட பணத்தை விட்டுவைப்பது எப்படி?



வாரா வாரம் சேமிப்பு கட்டுவதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து, பதினைந்து வருஷத்துக்கு என்று போட்ட பணத்தைக் கை வைக்காமல் விடுவது வேறு பாடம். விலை இறங்கியது என்று கேட்டதும் வயிறு கலங்குகிறது. எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது. இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் கைக்காசு. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூட ஃபீஸ், மழை பெய்யாத மாதம், இதற்கெல்லாம் மூன்று நான்கு மாதக் குடும்பச் செலவு வங்கிச் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். இது இல்லாமல் நீண்டகாலத்துக்குப் பணம் போட்டால், அவசரம் வரும்போது அதைத்தான் உடைப்போம். அந்த நேரம் பார்த்து விலையும் இறங்கியிருக்கும். வட்டிக் கடன் இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் வேலை. குழுக் கடன் வாங்கி முதலீடு செய்வது கூடவே கூடாது.

மீதியை ஒரே இடத்தில் கொட்டாமல் பிரித்துப் போடுவோம். ஆடு மட்டுமே வைத்திருந்தவர் நோய் வந்தால் என்ன ஆவார் என்று நமக்குத் தெரியும். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும். 15 வருஷம் கட்ட வேண்டும், 21 வருஷத்தில் முதிர்வு. பி.பி.எஃப். கணக்கு 15 வருஷத்துக்கானது. இரண்டும் அரசு உத்தரவாதம் உள்ளவை. கொஞ்சம் தங்கம் இருக்கட்டும். ஆனால் தங்கமும் எப்போதும் ஏறும் என்று எண்ண வேண்டாம். 2013க்குப் பிறகு சில வருஷம் அது இறங்கித்தான் கிடந்தது.

இதற்கு மேல் மிச்சம் பிடிக்க முடிந்தவர்கள் மாதம் 500 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். நிஃப்டி 50 என்பது நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பட்டியல். அந்த ஐம்பதிலும் நம் காசு கொஞ்சம் கொஞ்சம் போய்ச் சேரும். எந்தக் கம்பெனி நல்லது என்று நாம் மண்டையை உடைக்க வேண்டாம். பராமரிப்புச் செலவும் குறைவு. ஆனால் இதற்கு உத்தரவாதம் கிடையாது. அடுத்த வருஷக் கல்யாணச் செலவுக்கு வைத்த பணத்தை இதில் போடாதீர்கள்.

பயம் வருவது இங்கேதான். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் ஏறக்குறைய 21,000 புள்ளி. 2009 மார்ச்சில் 8,200க்கும் கீழே போனது. பழைய உயரத்துக்கு வர 2010 நவம்பர் ஆனது. கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், 26,000க்குக் கீழ் விழுந்தது. அதே வருஷம் நவம்பரில் முந்தைய உச்சமான 42,000ஐத் தாண்டியது. "போச்சே, போச்சே" என்று விழுந்த நேரத்தில் விற்றவர்களுக்குத்தான் அது நிஜமான நஷ்டம். அடுத்த முறை மீள எத்தனை காலம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் கைக்காசு முதலில் என்றோம்.

மாதாமாதம் போடுகிறவருக்கு விலை இறங்குவதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு யூனிட் 50 ரூபாய் என்றால் 500 ரூபாய்க்கு 10 யூனிட். அடுத்த மாதம் 25 ரூபாய்க்கு இறங்கினால் அதே 500க்கு 20 யூனிட். ஆக 1,000 ரூபாய்க்கு 30 யூனிட். விலை திரும்ப 50க்கு வந்தால் கையில் 1,500 ரூபாய். துவரம் பருப்பு விலை குறைந்தால் கூட ஒரு கிலோ வாங்கி வைக்கிறோம், அழுகிறோமா?

செல்போனில் தினமும் விலை பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதில் போட்டார், எவ்வளவு வந்தது என்பதும் நமக்கு வேண்டாத பேச்சு. "மாதம் 5 சதவீதம் உறுதி" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், எல்லாக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் போதும். ஒன்று ரொம்பப் பெருத்திருந்தால், அந்த வருஷப் புதுப் பணத்தை மற்றதில் போடலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கணக்கு எண், முதிர்வுத் தேதி, நாமினி பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். நாமினி பெயர் விடுபட்டிருந்தால் அந்த வாரமே பாஸ் புத்தகத்துடன் போய்ச் சேர்த்துவிடுங்கள். நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.